நானூற்றுப் பதினெட்டாவது போர்டு

அத்தியாயம் 5

கதவு திறந்தது. உள்ளே வெறும் சுவர்.

கதவு மூடிக்கொண்டது. ஆறு விநாடி கழித்து மறுபடியும் திறந்தது. அதே சுவர்தான்.

"அண்ணே, இந்த லிஃப்ட் என் வாழ்க்கை மாதிரியே இருக்கு. திறக்குது, மூடுது, எங்கேயும் போகல" என்றான் சகலை.

"இது லிஃப்ட் இல்ல. சோதனைக்காக மாட்டி வெச்ச கதவு. வாயை மூடிக்கிட்டு பாரு" என்றார் லென்ஸ்.

"கதவே மூடி மூடித் திறக்குது. நான் மட்டும் மூடிக்கிட்டே இருக்கணுமா?"

லென்ஸ் கதவைப் பார்ப்பதிலேயே இருந்தார். சகலைக்குப் பதில் சொல்ல ஆரம்பித்தால் அந்த நாள் அதிலேயே போய்விடும் என்பது அவருடைய பதினோரு வருட அனுபவம். அக்காவை அவரும் தங்கையை அவனும் கட்டிக்கொண்டதில் வந்த உறவு அது. லென்ஸின் துப்பறியும் அலுவலகத்தில் டிரைவர், போட்டோகிராபர், எதிர்க்கட்சி எல்லாமே சகலைதான். எதையும் மூக்குக்கு இரண்டு அங்குலம் முன்னால் வைத்துப் பார்க்கிற பழக்கத்தால் அவருக்கு லென்ஸ் என்று பெயர் வந்தது. சகலையை எல்லோரும் சகலை என்றே கூப்பிட்டார்கள். அவன் மனைவிகூட கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுவாள்.

அவர்கள் நின்றிருந்தது லிஃப்ட் கதவுகளை இயக்கும் எலக்ட்ரானிக் போர்டுகளைத் தயாரிக்கும் ஒரு சின்னத் தொழிற்சாலை. போர்டு உள்ளங்கை அகலம்தான்; சமீபத்தில்தான் அதைச் சின்னதாக்கியிருந்தார்கள். நடுவில் கறுப்புச் சதுரமாக உட்கார்ந்திருக்கும் மைக்ரோகன்ட்ரோலர் சில்லுதான் அதன் மூளை. கதவு எப்போது திறக்க வேண்டும், யாராவது குறுக்கே கையை நீட்டினால் எப்போது நிற்க வேண்டும் என்பதெல்லாம் அதன் பொறுப்பு.

மூன்று வாரமாக அந்த மூளை நினைத்தபோது மயங்கி விழுந்துகொண்டிருந்தது. எல்லாப் போர்டிலும் இல்லை. நூற்றுக்கு ஏழெட்டு. இங்கே ஒழுங்காக ஓடும். எங்கோ ஒரு கட்டடத்து லிஃப்ட்டில் போய் மாட்டினால் நாலாம் நாள் கதவைப் பாதியில் நிறுத்திவிட்டு உறைந்துபோகும். கழற்றித் திருப்பி அனுப்பினால், இங்கே வந்ததும் ஒன்றுமே நடக்காதது போல மறுபடி ஓடும்.

"செத்துப் போனா பிரேதப் பரிசோதனையாவது பண்ணலாம் சார்!" பின்னறையில் எஞ்சினியர் தன் தலைமுடியைத் தானே பிடித்து இழுத்துக்கொண்டான். முதலாளியம்மாவின் ஒரே மகன். இருபத்தொன்பது வயது. முகத்தில் நாலு நாள் தாடி. "இது என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்து சிரிக்குது."

"எங்க மாமனார் மாதிரி" என்றான் சகலை. "டாக்டர் படியேறும்போதே உடம்பு சரியாயிடும்."

"சில்லை மாத்திப் பார்த்தேன். புரோகிராமை வரிவரியா மூணு தடவை படிச்சேன். கரன்ட்டைக் கூட்டினேன், குறைச்சேன். முடி காய வைக்கிற டிரையரை வெச்சு சூடு காட்டினேன். ஃப்ரிட்ஜ்ல வெச்சு எடுத்தேன், அதுக்கு வீட்டுல வாங்கிக் கட்டிக்கிட்டேன். ஸ்க்ரூடிரைவர் பிடியால தட்டித் தட்டிப் பார்த்தேன். மூணு நாள் நிறுத்தாம ஓட விட்டேன். நிக்கவே மாட்டேங்குது சார்! நில்லுடான்னா நிக்க மாட்டேங்குது!" முக்காலியை ஒரு உதை விட்டான். அது உருண்டு போய்ச் சகலையின் காலடியில் நின்றது. சகலை அதை நிமிர்த்தி உட்கார்ந்துகொண்டான்.

மேசைமேல் திரும்பி வந்த முப்பத்தொரு போர்டுகள் வரிசையாகப் பளபளத்தன. லென்ஸ் ஒன்றை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார்.

"லிஃப்ட் தலைமேல நாலு நாள் கிடந்த பொருள், கடையில புதுசா வாங்கின மாதிரி இருக்கே?"

"தூசியும் கிரீசுமா வரும். அழுக்கோட அளவெடுத்தா மீட்டர் பொய் சொல்லும். அதனால பையைப் பிரிச்சதும் மொத்தத்தையும் ஸ்பிரிட் தட்டுல கொட்டி, பிரஷ்ஷால தேய்ச்சு, காய வெச்சுட்டுதான் கையிலயே எடுப்பேன். காலேஜ்ல இருந்து அதான் பழக்கம்."

"நல்ல பழக்கம். இந்த வெள்ளைக் கட்டம் எதுக்கு?"

கறுப்புச் சில்லுக்குப் பக்கத்தில், ஒரு வெள்ளி மாத்திரை மாதிரி இருந்த பாகத்தை ஒட்டி, சிறிய வெள்ளைக் கட்டம் அச்சடிக்கப்பட்டிருந்தது.

"சோதிச்சு பாஸ் பண்ணினவங்க நம்பர் எழுதற இடம்."

"முப்பத்தொண்ணுலயும் காலியா இருக்கே தம்பி."

எஞ்சினியரின் முகம் சுருங்கியது. அவன் வாயைத் திறப்பதற்குள் வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது.

"அதைத்தான் நானும் கேக்கறேன்."

முதலாளியம்மா. இஸ்திரி கலையாத காட்டன் புடவை, கழுத்தில் சங்கிலியோடு தொங்கும் கண்ணாடி, கையில் தடிமனான ஒரு பதிவேடு. அந்தப் பதிவேட்டை அவர் மேசையில் வைத்த விதத்தில் இரண்டு போர்டுகள் துள்ளின.

"சோதிக்கிறது ரெண்டு பேர் சார். மூத்தவ பாஸ் பண்ணினதுல ஒண்ணுகூடத் திரும்பி வரல. அதுல நம்பரும் ஒழுங்கா இருக்கும், நானே பார்த்திருக்கேன். திரும்பி வந்தது பூரா நம்பர் இல்லாத போர்டு. ஆனா பதிவேட்டுல ஒரு நம்பர் விடாம வரிசையா இருக்கு. யார் கையெழுத்து? டீச்சர் கையெழுத்து." டீச்சர் என்பது இரண்டாவது பெண்ணுக்கு இங்கே வைத்த பட்டப்பெயர் என்று லென்ஸுக்கு முன்பே சொல்லியிருந்தார்கள். "உக்காந்த இடத்துல பதிவேட்டை நிரப்பிட்டு, சோதிக்காமலே பையில போட்டிருக்கா. வேற என்ன?"

"சோதிக்காம போயிருந்தா சொத்தை போர்டு சொத்தையாவே இருக்கணும்மா! இங்க வந்து எப்படி ஓடும்?" மகன் கத்தினான்.

"அதை நீ கண்டுபிடிச்சியா? மூணு வாரமா?"

அவன் ஒரு போர்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தான்.

"நாலு மணிக்கு லிஃப்ட் கம்பெனி ஆள் வர்றார்" என்று முதலாளியம்மா லென்ஸ் பக்கம் திரும்பினார். "யார் தப்புன்னு கேட்பார். அப்ப அந்தப் பொண்ணு இங்க இருக்கக் கூடாது. வாயால சொல்லி அனுப்பினா நான் பழிவாங்கறேன்னு இவன் சொல்வான். அதனால உங்க கையெழுத்தோட ஒரு காகிதம் வேணும்."

"பழி எதுக்கும்மா வாங்கணும்?" என்று அப்பாவியாகக் கேட்டான் சகலை.

தாயும் மகனும் ஒரே நேரத்தில் வேறு வேறு சுவர்களைப் பார்த்தார்கள்.

வெளியே வந்ததும் சகலை கிசுகிசுத்தான். "அண்ணே, கேஸ் முடிஞ்சுது. கோளாறு போர்டுல இல்ல. காதல்."

"காதலுக்கு லிஃப்ட் கதவை நிறுத்தத் தெரியாது."

"உங்களுக்குத் தெரியாது. நான் பொண்ணு பார்க்க வந்தன்னிக்கு அண்ணி என்னைப் பார்த்து கதவைச் சாத்தினாங்க."

டீச்சர் முன்கூடத்து மூலையில் உட்கார்ந்திருந்தாள். மெலிந்த முகம், தூக்கிச் சுருட்டிய கொண்டையில் குறுக்காகச் செருகிய ஒரு பென்சில். முன்னால் பதிவேட்டின் அடுத்த தொகுதி, அதன்மேல் நீலப் பேனா. எழுத்து ஒவ்வொன்றும் அச்சில் வார்த்தது போல இருந்தது. பட்டப்பெயரின் காரணம் லென்ஸுக்குப் புரிந்தது.

"எல்லா போர்டுலயும் நம்பர் எழுதினியாம்மா?"

"எழுதினேன் சார்."

"சோதிச்சிட்டா?"

"அந்தக் கதவுல மாட்டி, பத்து தடவை திறந்து மூடினப்புறம்தான் எழுதுவேன். ஒண்ணைக்கூட விட்டதில்ல."

"அப்ப நம்பர் எங்கே போச்சு?"

அவள் கண்கள் கலங்கும் என்று சகலை எதிர்பார்த்துக் கைக்குட்டையைத் தடவினான். மாறாக அவளுக்குக் கோபம்தான் வந்தது. "எனக்கும் அதான் தெரியணும்! மூணு வாரமா எல்லாரும் என்னைத் திருடி மாதிரி பாக்கறாங்க. நம்பரைத் திருடி வீட்டுக்குக் கொண்டுபோய் நான் என்ன சார் பண்ணப் போறேன்? தம்பி பரீட்சைக்குப் படிக்கிறான். அம்மா என் வேலையை நம்பித்தான் வாடகை வீட்டுல மூச்சு விடறாங்க. தப்பு பண்ணி மாட்டிக்கிட்டு போனாக்கூட மனசு ஆறும். செய்யாத தப்புக்குப் போனா, அடுத்த இடத்துல என்னன்னு சொல்லி வேலை கேட்பேன்?"



சகலை குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவளுடைய மேசைக்கு நேர் எதிரே, தேய்ந்த சிமென்ட்டில் நாலு சின்னச் சதுரங்கள் மட்டும் புதுசாகப் பளிச்சென்று தெரிந்தன.

"இங்க இன்னொரு மேசை இருந்ததாம்மா?"

அவள் பதிவேட்டைப் புரட்டினாள். "அவரோட... எஞ்சினியர் சாரோட மேசை. மேடம் பின்னறைக்கு மாத்திட்டாங்க. இந்தப் பக்கம் வரக் கூடாதுன்னு அவருக்கு உத்தரவு."

"எப்போ?"

"மூணு வாரம் முன்னாடி."

"இந்தச் சின்ன சைஸ் போர்டு எப்ப வந்தது?"

"அதே வாரம்தான் சார்."

லென்ஸ் நெற்றியைத் தேய்த்தார். எல்லாமே அதே வாரம். ஆனால் மேசையை நகர்த்தினால் ஒரு சில்லு ஏன் மயங்க வேண்டும்? இருபது வருடம் இன்ஷூரன்ஸ் விசாரணையில் எரிந்த கடைகளையும் மோதிய வண்டிகளையும் பார்த்தவர் அவர். அங்கேயெல்லாம் குற்றம் நடந்ததற்கு அடையாளம் இருக்கும். இங்கே அடையாளமே குளித்து முழுகி, சுத்தமாக வரிசையில் உட்கார்ந்திருந்தது. கைக்கடிகாரம் பன்னிரண்டே முக்கால் என்றது. அவருக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

அப்போது எஞ்சினியர் பின்னறையிலிருந்து ஓடி வந்தான். தடை செய்யப்பட்ட கோட்டைத் தாண்டிவிட்டதை உணர்ந்து கூடத்தின் நடுவிலேயே நின்றான். "சார், மெக்கானிக் போன் பண்றார். இப்பதான் ஒரு லிஃப்ட் கதவு நின்னிருக்காம். கழட்டி அனுப்பட்டுமான்னு கேக்கறார்."

"தொடாதேன்னு சொல்லு!" லென்ஸ் போட்ட சத்தத்தில் கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "மூணு வாரமா நீ பார்த்ததெல்லாம் குணமாகி வந்தவங்க தம்பி. எனக்குக் காய்ச்சலோட ஒருத்தன் வேணும்."

ஆறு மாடிக் குடியிருப்பு. தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்து, லிஃப்ட்டை ஒட்டிய சுவர் முழுக்க ஓதம் ஏறி ஈரமாக இருந்தது. லிஃப்ட் கதவு ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையலாம் என்ற அளவுக்குத் திறந்து அப்படியே நின்றிருந்தது. அதன் முன்னால் இரண்டு கையிலும் பைகளோடு ஒரு அம்மாள்.

"நீங்கதான் சரி பண்ண வந்தவங்களா? நாலாவது மாடி எனக்கு. மூட்டு வலி. இந்தக் கதவு உள்ள நின்னா திறக்காது, வெளிய நின்னா மூடாது. இதுக்குப் பேர் புதுசு!"

"நாங்க துப்பறியறவங்கம்மா" என்றான் சகலை.

"கதவு நின்னது கண்ணுக்கே தெரியுது. இதுல துப்பறிய என்ன இருக்கு?"

சகலை முதல்முறையாகப் பதிலில்லாமல் நின்றதைப் பார்த்து லென்ஸுக்கு அன்றைய நாளின் ஒரே சந்தோஷம் கிடைத்தது.

மெக்கானிக் ஏணியில் நின்று கதவுக்கு மேலிருந்த பெட்டியைத் திறந்து வைத்திருந்தார். "தொடல சார். நீங்க சொன்னபடியே இருக்கு. சின்ன கரன்ட்தான், பயப்படாம பாருங்க." அவர் இறங்கிக்கொள்ள, லென்ஸ் ஏறினார். மூக்கை உள்ளே விட்டார். தூசி படிந்த போர்டு. கறுப்புச் சில்லு. வெள்ளி மாத்திரை. வெள்ளைக் கட்டம்.

கட்டத்துக்குள், அச்சில் வார்த்தது போல, 418.

"சகலை! நம்பர் இருக்கு!"

"இருக்கா?"

"டீச்சர் கையெழுத்து! அந்தப் பொண்ணு சொன்னது நிஜம். ஏறி வா, போட்டோ எடு. நல்லாத் தெளிவா வரணும், முதலாளியம்மா காலத்துக்கும் மறக்கக் கூடாது."

லென்ஸ் இறங்கி, வெற்றிப் பெருமூச்சோடு நெற்றியைத் துடைத்துக்கொண்டார். சகலை ஏறினான். மேலே "ஹா" என்று ஒரு மூச்சுச் சத்தம் கேட்டது. அடுத்த கணம் படார் என்று கதவு மூடிக்கொண்டது. பிறகு திறந்தது. உள்ளே விளக்கு எரிந்தது.

"வேலை செய்யுது!" நாலாவது மாடி அம்மாள் பைகளோடு உள்ளே பாய்ந்தார். "துப்பறியறவங்களா இருந்தாலும் நல்லா இருங்கப்பா!" கதவு மூடி, லிஃப்ட் மேலே போனது.

"என்னடா பண்ணினே?" லென்ஸ் ஏணியைப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

"ஒண்ணும் பண்ணல அண்ணே. தூசியா இருந்துச்சு. தெளிவா வரணும்னீங்களே? ஊதி, கைக்குட்டையால துடைச்சேன்."

"போட்டோ?"

"துடைச்சதும்... நம்பரைக் காணோம்."

லென்ஸ் சுவரில் சாய்ந்தார். ஓதம் சட்டையில் ஒட்டியது. இருபத்தொரு நாளில் கிடைத்த ஒரே சாட்சியை இவன் கைக்குட்டையால் துடைத்து அனுப்பிவிட்டான். பதினோரு வருடமாக உள்ளே அடக்கி வைத்திருந்த அத்தனை வசவும் தொண்டைக்கு வந்தது. "உன்னை... உன்னைக் கட்டி வெச்சாரே நம்ம மாமனார், அவரைச் சொல்லணும்! கொஞ்சமாவது புத்தி இருந்தா..."

"திட்டறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் அண்ணே. இந்தக் கறை போகுமா? காலையிலதான் அவ இஸ்திரி போட்டுக் கொடுத்தா. இதைப் பார்த்தா நீங்க திட்டறதெல்லாம் தாலாட்டு."

வெள்ளைக் கைக்குட்டையில் மினுமினுப்பாக ஒரு சாம்பல் தீற்றல்.

லென்ஸ் வசவை அப்படியே விழுங்கினார். கைக்குட்டையைப் பிடுங்கி மூக்கருகே வைத்தார். கிரீஸ் வாசனை இல்லை. விரலால் தேய்த்தார். விரல் நுனி வெள்ளி போல மின்னியது.

"சகலை, இந்தக் கறையை இதுக்கு முன்னாடி எங்க பார்த்திருக்கே?"

சகலை யோசித்தான். "என் பொண்ணோட ஸ்கூல் யூனிஃபார்ம் பாக்கெட்ல."

மேலே போன லிஃப்ட் நாலாவது மாடியில் ஒழுங்காக நின்று, ஒழுங்காகத் திறந்த சத்தம் கேட்டது.

"நீ என்ன பண்ணினே? துடைச்சே. என்ன ஆச்சு? நம்பர் போச்சு, நோயும் போச்சு" என்று லென்ஸ் மெதுவாகச் சொன்னார். "வண்டியை எடு. வழியில எங்கேயும் நிறுத்தாதே."

"அப்ப நான் புத்தி இல்லாதவனா, இருக்கிறவனா?"

"நாலு மணிக்கு மேல சொல்றேன்."

மணி மூன்றே முக்கால். சோதனைக் கதவின் முன்னால் முதலாளியம்மா, மகன், டீச்சர் மூவரும் நின்றார்கள். மகனைக் கூடத்துக்குள் விட முதலாளியம்மாவுக்குச் சம்மதமில்லை. லென்ஸ் கேட்டுக்கொண்டதற்காகப் பொறுத்துக்கொண்டார்.

"காகிதம் ரெடியா சார்?"

"ஒரே ஒரு வரி பாக்கி." லென்ஸ் கதவின் ஸ்விட்சை அணைத்தார். எஞ்சினியர் கழுவி வைத்திருந்த போர்டு ஒன்றை எடுத்து மாட்டச் சொன்னார். "டீச்சரம்மா, இந்தப் போர்டு பாஸ்னு வெச்சுக்க. 419ன்னு நம்பர் எழுது. எப்பவும் எழுதற மாதிரியே."

அவள் கை நீலப் பேனாவின் பக்கம் போகவில்லை. தயங்கித் தயங்கிக் கொண்டைக்குப் போனது. பென்சிலை உருவி, வெள்ளைக் கட்டத்தில் அழகாக 419 என்று எழுதினாள்.

"பென்சிலா?" என்றார் முதலாளியம்மா.

"பென்சிலா!" என்றான் மகன்.

இரண்டும் ஒரே வார்த்தைதான். அம்மாவுக்கு வந்தது கோபம். மகனோ கன்னத்தில் அறை வாங்கியவன் போல நின்றான். தட்டு, ஸ்பிரிட், பிரஷ் எல்லாம் அவன் கண்முன் ஓடியிருக்க வேண்டும். "நான்தான்... நம்பரை நான்தான் அழிச்சிருக்கேன். முப்பத்தொரு தடவை."

"நம்பர் அழிஞ்சது சரி. போர்டு ஏன் நின்னுச்சு?" முதலாளியம்மா விடவில்லை.

"பாருங்க." லென்ஸ் ஸ்விட்சைப் போட்டார்.

கதவு திறந்தது. சுவர். மூடியது. திறந்தது. மூன்று. ஐந்து. ஏழு. கதவு அலட்டிக்கொள்ளாமல் ஓடியது. லென்ஸின் காதோரம் வியர்வை இறங்கியது. வாசலில் கார் ஹாரன் கேட்டது. லிஃப்ட் கம்பெனி ஆள் வந்துவிட்டார். முதலாளியம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"ஓடுது சார்."

"அண்ணே, ஓடுது" என்று சகலையும் பக்கத்தில் வந்து சொன்னான்.

"எனக்கும் கண் இருக்கு!" லென்ஸ் பல்லைக் கடித்தார். அங்கே நின்றது இங்கே ஏன் ஓடுகிறது? அங்கே என்ன இருந்தது? தொட்டித் தண்ணீர். ஓதம். இன்னும் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கிற ஈரம்.

"சகலை. மத்தியானம் மேலே ஏறி முதல்ல என்ன பண்ணினே?"

"துடைச்சேன்."

"அதுக்கு முன்னாடி?"

சகலைக்குப் புரிந்தது. போர்டுக்கு மேல் குனிந்து, கண்ணாடி துடைக்கப் போகிறவன் போல "ஹா..." என்று மூச்சு விட்டான்.

பாதி திறந்த கதவு அப்படியே நின்றது.

முதலில் பேசியது முதலாளியம்மாதான். "ஊதினா எந்தப் போர்டும்தான் நிக்கும்."

"நியாயமான சந்தேகம்." எழுதாத வேறொரு போர்டை மாட்டச் சொன்னார் லென்ஸ். சகலை அதன்மேல் மூச்சுத் திணறும்வரை ஊதினான். கதவு பத்து தடவை திறந்து மூடியது. மறுபடி 419ஐ மாட்டினார்கள். சகலை ஊதினான், நின்றது. துடைத்தான், ஓடியது. ஏற்கெனவே கெட்டுப்போன கைக்குட்டை என்பதால் அவனுக்கு இப்போது பயமில்லை.

எஞ்சினியர் தரையில் உட்கார்ந்துவிட்டான். "பென்சில் கரியில கரன்ட் பாயும்மா. இந்த வெள்ளி மாத்திரைதான் சில்லுக்கு நாடித் துடிப்பு. இதோட ரெண்டு காலும் இந்தக் கட்டத்துக்குள்ளேயே இருக்கு. கரி லேசா குறுக்கே விழுந்தா காய்ஞ்சிருக்கிறவரை சமாளிக்கும். ஈரம் பட்டா துடிப்பு நின்னுடும். பழைய போர்டுல கட்டம் மூலையில இருந்தது. போர்டைச் சின்னதாக்கணும்னு நான்தான் இங்க கொண்டு வந்து வெச்சேன். யாரும் பேனாவைத் தவிர வேறெதுலயும் எழுத மாட்டாங்கன்னு நெனச்சேன்." அவன் டீச்சரைப் பார்த்தான். எல்லோருக்கும் முன்னால் மரியாதை மறந்துபோனது. "நீ ஏன் பென்சில்ல எழுதினே?"

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "மூணு வாரம் முன்னாடி ஒரு நம்பரைத் தப்பா எழுதி அடிச்சு எழுதினேன். மேடம் அந்த போர்டை என் கண்ணு முன்னாடி குப்பையில போட்டு, 'இன்னொரு தடவை அடிச்சுத் திருத்தினதை என் கண்ணுல காட்டினே, நீ இங்க இருக்க மாட்டே'ன்னாங்க. நீங்க எதிர்ல இருந்தா கை நடுங்கும்போது ஏதாவது பேசிச் சிரிக்க வைப்பீங்க. அன்னிக்குத்தான் உங்க மேசையையும் தூக்கிட்டாங்க. தப்பானா ரப்பரால அழிச்சுக்கலாம்னு பென்சிலுக்கு மாறினேன். அதைச் சொன்னா அதுக்கும் திட்டு விழும்னு..."

அன்று அந்தப் பெண்ணைத் திட்டியது அடித்த நம்பருக்காகவா, அதற்கு முந்தின மாலை மகன் சொன்ன கல்யாண விஷயத்துக்காகவா என்பது முதலாளியம்மாவுக்குத்தான் தெரியும். கண்ணாடியைக் கழற்றினார். மாட்டினார். மறுபடி கழற்றினார்.

"காகிதம் கேட்டீங்களேம்மா." லென்ஸ் நீட்டினார்.

முதலாளியம்மா வாசித்தார். "குற்றவாளிகள் மூவர். திட்டிப் பயமுறுத்தியவர் ஒருவர். பயந்து பென்சிலில் எழுதியவர் ஒருவர். எழுதியதைக் கழுவிக் குடித்தவர் ஒருவர். வெளியாள் யாரும் இதில் இல்லை. மூவரும் ஒரே வீட்டார்." கடைசி வரியில் அவர் விரல் நின்றது. "இது தப்பு. மூணு பேரும் இன்னும் ஒரே வீடு இல்ல."

சகலை லென்ஸின் விலாவில் இடித்தான். "அண்ணே, 'இன்னும்'னு சொன்னாங்க."

"கேட்டுச்சு. மூச்சு விடாதே. எதுவாவது நின்னுடப் போகுது."

வாசலில் லிஃப்ட் கம்பெனி ஆளின் செருப்புச் சத்தம் கேட்டது. முதலாளியம்மா தன் கைப்பையைத் திறந்து, கறுப்பு மைப் பேனா ஒன்றை எடுத்து டீச்சரிடம் நீட்டினார். குரல் என்னவோ அதே அதட்டல்தான்.

"வர்றவருக்கு நீயே விளக்கிச் சொல்லு. உனக்குத்தான் கோர்வையா வரும். இனிமே இதால எழுது. தப்பு வந்தா அடிச்சிட்டுப் பக்கத்துல எழுது. நான் பார்க்க மாட்டேன்." கொஞ்சம் நிறுத்தினார். "பார்த்தாலும் கத்த மாட்டேன்."

டீச்சர் பேனாவை வாங்கிக்கொண்டாள். பென்சிலை என்ன செய்வது என்று தெரியாமல் ஒரு கணம் விழித்துவிட்டு, கொண்டைக்கே திருப்பிச் செருகினாள்.

"நீங்க ரெண்டு பேரும் சும்மாதானே நிக்கறீங்க?" முதலாளியம்மா துப்பறியும் நிபுணர்கள் பக்கம் திரும்பினார். "பின்னறையில ஒரு மேசை இருக்கு. ஒரு கை பிடிங்க."

இரும்பு மேசை. நல்ல கனம். வாசற்படியில் இடித்து, சகலையின் கட்டைவிரலை நசுக்கி, கூடத்தின் நடுவே வந்தது. லென்ஸ் குனிந்து, மூக்கைத் தரைக்கு இரண்டு அங்குலம் மேலே வைத்துப் பார்த்தபடி, "இடது பக்கம் கொஞ்சம்... இன்னும் கொஞ்சம்..." என்றார். நாலு கால்களும் பளிச்சென்ற நாலு சதுரங்களில் போய் உட்கார்ந்தன.

"அண்ணே, மணி நாலு அடிச்சிடுச்சு" என்றான் சகலை, விரலை ஊதிக்கொண்டே.

"அதுக்கென்ன?"

"புத்தி இருக்கா இல்லையான்னு நாலு மணிக்கு மேல சொல்றேன்னீங்க."

லென்ஸ் தன் பாக்கெட்டிலிருந்து வெளுத்து மடித்த ஒரு கைக்குட்டையை எடுத்து அவனிடம் கொடுத்தார். "இதை எடுத்துட்டுப் போய் வீட்டுல காட்டு. அழுக்கானது என்னோடதுன்னு சொல்லு."